செம்பு பாய்லரில் ஓயாத புகை: எந்த விறகு ஏற்றது?

கேள்வி (கல்லிடைக்குறிச்சி):
அனைவருக்கும் வணக்கம். மூட்டுவலியால் வருந்தும் என் அம்மாவின் குளியலுக்காக, நடுவில் தீக்குழாயும் அதைச் சுற்றித் தண்ணீரும் நிற்கும் பழைய செம்பு பாய்லரைப் பயன்படுத்தி வருகிறோம். கோடையில் அரை மணி நேரத்தில் சூடாகிவிடும் 40 லிட்டர் தண்ணீர், ஐப்பசி பிறந்தது முதல் ஒரு மணி நேரம் கழித்தும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. கண் எரியும் அளவுக்குப் புகை எழுகிறது. புகைபோக்கியில் தார் போன்ற பிசின் படிகிறது. உடைமர (ஒருவகை முள்மரம்) விறகோடு ஆலையில் வாங்கிய உமியையும் போடுகிறேன். இவற்றை விட்டுவிட்டுக் கதம்பலுக்கு (தேங்காய் உரித்த மட்டை) மாறலாமா?

மறுமொழி (பாளையங்கோட்டை):
விறகு எப்போது வெட்டியது, எங்கே அடுக்கியிருக்கிறீர்கள்?

கேட்டவர்:
புரட்டாசிக் கடைசியில் வெட்டியது, அண்ணாச்சி. தொழுவத்தின் ஓரமாகத் தரையில் கிடக்கிறது.

மறுமொழி (பாளையங்கோட்டை):
அப்படியானால் முதற்காரணம் ஈரம்தான். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராக இருக்கக்கூடும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 540 கிலோகலோரி வெப்பம் செலவாகிறது. உங்கள் 40 லிட்டரையும் 28 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதே 880 கிலோகலோரிதான். ஈரம் தீயைத் தணிப்பதால், மரத்திலிருந்து எழும் வாயுக்கள் முழுமையாக எரியாமல் மேலே போய், குளிர்ந்த புகைபோக்கியில் பிசினாகப் படிகின்றன. அது தீப்பற்றக்கூடியது என்பதால் சுரண்டி எடுத்த பிறகே மறுபடி மூட்டுங்கள். தீக்குழாயின் உட்புறத்துக் கரியையும் தேய்த்து நீக்குங்கள்; அது வெப்பம் தண்ணீரைச் சேரவிடாமல் தடுக்கிறது.

உமியை இன்றே நிறுத்திவிடுங்கள். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். பெரும்பாலும் சிலிக்காவான அந்தச் சாம்பல், அடிக்கம்பிகளின் இடைவெளியை அடைத்துக் காற்று வரும் வழியை மூடிவிடும். உமிக்கென்றே அமைத்த அடுப்பில் அது நல்ல எரிபொருள். இந்தப் பாய்லருக்கு அது ஒவ்வாது.

கதம்பல் மழைக்காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்ததைத் தீ மூட்ட மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு நான்கைந்து சிரட்டைகளையும் காய்ந்த உடைவிறகையும் சேருங்கள்.

மறுமொழி (ஜெர்மனியில் வசிக்கும் நெல்லைக்காரர்):
இங்கே வீடுகளைச் சூடேற்றும் பாய்லர்களுக்கு விற்கும் மரத்தூள் உருளைகளில், முதல் தரத்துக்கு ஈரம் 10 விழுக்காட்டையும் சாம்பல் 0.7 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்பது விதி. நாம் பார்க்க வேண்டியவையும் அந்த இரண்டுதான்.

மறுமொழி (சேரன்மகாதேவி):
பாய்லர் குளியலறைக்குள் இருந்தால் தயவுசெய்து வெளியே மாற்றுங்கள், தம்பி. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. பூட்டிய அறையில் உயிரையே பறித்துவிடும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
பாய்லரை அன்றே பின்வாசல் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டோம், அக்கா. பச்சை விறகைப் பிளந்து, செங்கல் மேல் காற்றோட்டமாக அடுக்கி, அடுத்த கோடைக்கென்று ஒதுக்கிவிட்டேன். அண்ணாச்சி சொன்னபடி பிசினையும் கரியையும் சுரண்டி எடுத்த பிறகு, பக்கத்துத் தெருவில் வாங்கிய சென்ற ஆண்டு விறகில் 35 நிமிடத்தில் தண்ணீர் கொதிநிலைக்கு முந்தைய சூட்டுக்கு வந்துவிடுகிறது. விளாவித்தான் அம்மா குளிக்கிறார்கள்.