வசந்த விழாவில் குரல் பதிவு: இரண்டு நிமிடம்தானே?

கூகை: பக்கத்துக் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: வசந்தப் பறவை விழாவில் பறவையை அருகே வரவழைக்க வழிகாட்டி அதன் இனத்தின் குரல் பதிவை இரண்டு நிமிடம் போனில் ஒலிக்கவிட்டால் பறவைக்கு ஒரு நஷ்டமும் இல்லையாம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. போன மே மாதம் ஓர் ஏரிக்கரைப் பூங்காவில் நானே பார்த்தேன். பிளாக்பர்னியன் வார்ப்ளர் என்ற சின்னப் பறவை, பத்து கிராம் இருக்கும், தணல் நிறத் தொண்டை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த களைப்பில் இலைக்கு அடியில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. போனில் குரல் கேட்டதுதான் தாமதம், இரையை விட்டுவிட்டு எங்கள் தலைக்கு மேலே வந்து, இல்லாத எதிரியைத் தேடிக் கிளை கிளையாகத் தாவியது. இது நஷ்டம் இல்லையா?

நெடுவழி: எழுதியது நான்தான். இரண்டு நிமிடம் என்றுதான் சொன்னேன், இருபது என்று சொல்லவில்லை. பறவை பாதையோரம் வராவிட்டால் முப்பது பேர் புதருக்குள் இறங்கி மிதிப்பார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் எப்படிப் பார்ப்பார்? அதோடு அது கூடு கட்டும் இடமே இல்லை. காக்க எல்லையே இல்லாத பறவைக்கு என்ன கலவரம்?

கூகை: எல்லை இல்லையென்றால் எதற்கு ஓடி வந்தது? அதைச் சொல்லுங்கள்.

ஆலா: அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் நெறிமுறையும் கூட்டம் குவியும் இடத்தில் பதிவை ஒலிக்கவிடுவதைக் கட்டுப்படுத்தத்தான் சொல்கிறது. புலம்பெயரும் பறவைகளுக்கு ஓய்வு தேவை.

புதர்ச்சிட்டு: புலம்பெயர்வது மனிதர்கள். பறவை வலசை போகும். இதுகூடத் தெரியாமல் நெறிமுறை பேச வந்துவிட்டீர்கள்.

ஆலா: போன வருடம் கூப்பர் வல்லூறை, அதைப் போலவே இருக்கும் ஷார்ப்-ஷின்ட் வல்லூறு என்று நாலு நாள் சாதித்தவர் எனக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டாம்.

புதர்ச்சிட்டு: ஷார்ப்-ஷின்டுக்கு இருப்பதுபோல வால் முனை சதுரமாகத்தான் இருந்தது. படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கூகை: வாலை விடுங்கள். இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம் என்கிறாரே, எத்தனை இரண்டு நிமிடம்? எட்டு மணிக்கு ஒரு குழு, எட்டரைக்கு இன்னொன்று, அப்புறம் தனியாக வருகிறவர்கள். மரம் அதே மரம், பறவை அதே பறவை. இவை இராத்திரி முழுக்கப் பறந்துவிட்டு விடிந்ததும் இரை தேடுகிறவை. அமெரிக்க-கனடா எல்லையில் இருக்கும் ஈரி ஏரியின் தென்கரையில் மேகி சதுப்பில் மே மாதம் ஏன் குவிகின்றன? ஏரியைக் கடக்கும் முன் கொழுப்பு சேர்க்க. எதிர்க்கரையில், கனடாவின் பாயின்ட் பீலியில் இறங்குபவை கடந்து வந்த அசதியில் இறங்குகின்றன. மூன்று கிராம் செந்தொண்டை ஹம்மிங் பறவை மெக்சிகோ வளைகுடாவை, கிட்டத்தட்ட 800 கிலோமீட்டரை, ஒரே மூச்சில் கடக்கிறது. உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதற்கு எரிபொருள். காலை வேளையில் இரண்டு நிமிடம் என்பது அதன் சாப்பாட்டு நேரம்.

நெடுவழி: புவியியல் பாடத்துக்கு நன்றி. மற்ற ஆண் பறவைகளும் அங்கே பாடத்தான் செய்கின்றன. அவற்றையும் நிறுத்தச் சொல்வீர்களா?

கூகை: அவை பாடிவிட்டு இரை தேடப் போகும். உங்கள் போன் இரை தேடப் போகாது.

ஆலா: கேமரா ஃப்ளாஷ் பற்றியும் யாராவது பேசலாமே?

புதர்ச்சிட்டு: முதலில் வலசை என்று எழுதப் பழகுங்கள்.

கூகை: இன்று இரவு தெற்குக் காற்று, காலையில் நிறைய இறங்கும். ஆறு மணிக்கே பாதையில் இருப்பேன். யார் போனை எடுத்தாலும் பக்கத்தில் போய் நின்று கேட்பேன்.

நெடுவழி: தாராளமாகக் கேளுங்கள். நான் எழுதியது இரண்டு நிமிடம். போய் மறுபடி படியுங்கள்.