தேயிலையைத் துளைக்கும் வண்டு: ‘ஷாட் ஹோல் போரர்’ தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

நம் பூச்சிச் சொற்பட்டியலில் ‘ஷாட் ஹோல் போரர்’ என்பதற்கு நேராகத் ‘தண்டுத் துளைப்புழு’ என்று இருக்கிறது. இதை எடுத்துவிடலாம். நெல்லிலும் காப்பியிலும் தண்டைக் குடைவது புழு. தேயிலையில் குடைவதோ வளர்ந்த பெண் வண்டு. நீளம் 2 முதல் 2.5 மி.மீ. தாடையை ஒட்டிய பைகளில் பூஞ்சை வித்துகளைச் சுமந்து வந்து, தான் குடைந்த சுரங்கத்தின் சுவரில் வளர்க்கிறது. அதன் புழுக்கள் தின்பது அந்தப் பூஞ்சையை. ‘புழு’ என்று எழுதினால் படிப்பவர் இலைமேல் மருந்தடிக்கத்தான் போவார். சுரங்கத்துக்குள் இருப்பதை அது தொடாது. இலங்கையில் இதற்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தபோது, இலையைத் தின்னும் தேயிலை டார்ட்ரிக்ஸ் புழுவை அடக்கி வைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவி மடிந்து, அந்தப் புழு பெருகியதுதான் மிச்சம்.

என் முன்மொழிவு: ரவைத்துளை வண்டு. துப்பாக்கி ரவை பாய்ந்ததுபோல் வட்டத் துளை.

*

> ரவைத்துளை வண்டு

ஐயா, ‘வண்டு’ சரி. ‘ரவை’ இடிக்கிறது. தமிழ்நாட்டில் ரவை என்றதும் உப்புமாதான் நினைவுக்கு வரும். ரவையில் விழும் வண்டு என்றே படிப்பார்கள். இலங்கையில் நாங்கள் துப்பாக்கிச் சன்னம் என்போம். தமிழ்நாட்டில் சன்னம் என்றால் நுண்ணியது. துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் ‘சன்னத்துளை வண்டு’ இரு கரைக்கும் பொருந்தும்.

பிரிவுத் தலைப்பையும் பார்க்க வேண்டும். இந்த வண்டு சேர்ந்த ஸ்கோலிட்டினே முன்பு தனிக் குடும்பம். இன்று கூன்வண்டுக் குடும்பத்தின் ஒரு துணைக்குடும்பம். ஆனால் கூன்வண்டின் நீண்ட மூக்கு இதற்கு இல்லை. இதில் உட்பட்டையைத் தின்பவை உண்டு, காப்பிக் காய்த்துளைப்பான்போல விதையைத் தின்பவை உண்டு, பூஞ்சை வளர்ப்பவையும் உண்டு. பழகிய தலைப்பு என்பதால் ‘பட்டை வண்டுகள்’ இருக்கட்டும். ‘ஆம்ப்ரோசியா’ வண்டுகளைப் ‘பூஞ்சை வளர்ப்பு வண்டுகள்’ என்று அதற்குள் தனியே பிரியுங்கள். எங்கள் பாடநூல்களில் பங்கசு என்றிருக்கும்; பூஞ்சை என்றாலும் விளங்கும்.

*

சன்னத்துளைக்கு என் ஆதரவு. சிக்கல் ‘தேயிலை’ என்ற அடைமொழியில்தான். பூச்சியியலாளர் ஐக்ஹாஃப் 1868இல் இலங்கை மாதிரியை வைத்து விவரித்த யூவாலேசியா ஃபோர்னிகேட்டஸையே தேயிலை வண்டு என்று நெடுங்காலம் எழுதிவந்தோம். மரபணுவைப் பார்த்தபோது அது ஒன்றல்ல, நான்கு சிற்றினங்கள். 2018இல் ஃபோர்னிகேட்டஸ் என்ற பெயரைத் தேயிலை வண்டுக்கே ஒதுக்கினார்கள். தொலைந்ததாகக் கருதிய மூல மாதிரி பிறகு கிடைத்தது. அதை அளந்து பார்த்ததில், 2019இல் அந்தப் பெயர் பல மரங்களைத் தாக்கும் வண்டுக்குப் போய்விட்டது. இப்போது தேயிலைக்குரியவை ஃபோர்னிகேட்டியரும் பெர்பிரெவிஸும். நான்காவது குரோஷியோ. எனவே பழைய நூலில் ஃபோர்னிகேட்டஸ் என்றிருந்தால் எந்த வண்டு என்று பயிரையும் ஊரையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெறுங்கண்ணால் நான்கையும் பிரிக்க முடியாது.

பரவலும் அப்படியே. ஆசியாவைச் சேர்ந்த ஃபோர்னிகேட்டஸ் 2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமும், 2009இல் இஸ்ரேலின் அவகாடோத் தோப்பிலும், 2017இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும், 2021இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் பிடிபட்டது. பெர்பிரெவிஸ் ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் இருக்கிறது. ஆணுக்குப் பறக்க வராது; சுரங்கத்துக்குள்ளேயே உடன்பிறந்தவற்றோடு கூடிவிடும். அதனால் ஒரு விறகுக்கட்டையில் ஒரே ஒரு பெண் வண்டு போனாலும் புது ஊரில் குடியேற்றம் தொடங்கிவிடுகிறது. கலிஃபோர்னியாவில் வெட்டிய கிளைகளை 2.5 செ.மீ.க்கு மேற்படாத சில்லுகளாக்கி, வெயிலில் மூடிவைத்த பிறகே வெளியே எடுக்கச் சொல்வது இதனால்தான். நம் பக்கத்துக் கவாத்துக் குச்சிகளையும் விறகாக ஊர்விட்டு ஊர் அனுப்பாமல் இருப்பது நல்லது.

பதிவு இப்படி இருக்கலாம்: கூட்டம் முழுவதற்கும் ‘சன்னத்துளை வண்டு’, ஃபோர்னிகேட்டியர், பெர்பிரெவிஸ் இரண்டுக்கும் பொதுவாகத் ‘தேயிலைச் சன்னத்துளை வண்டு’, ஃபோர்னிகேட்டஸுக்குப் ‘பல்மரச் சன்னத்துளை வண்டு’.

*

> பல்மர

‘பன்மர’ என்று புணர்த்தி எழுதுங்கள்; இல்லாவிட்டால் பல்லில் துளை என்று பல் மருத்துவர்கள் உரிமை கோருவார்கள். ஆமணக்கிலும் பெருகுகிறதே, அது மரமா என்று யாராவது கேட்பார்கள். விளக்கக் குறிப்பில் ஆமணக்கையும் சேர்த்துவிடுங்கள், போதும். மற்றபடி எனக்கு மறுப்பில்லை.