வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். அம்மா இறந்து ஏழு மாதமாகிறது. அடக்க ஆராதனைக்குப் பிறகு நான் சபைக்குப் போகவில்லை. விசுவாசம் போய்விடவில்லை. வீட்டில் ஜெபிக்கிறேன், சங்கீதம் 88 வாசிக்கிறேன். கடைசி வசனம் வரை இருட்டாகவே முடிகிற சங்கீதம் அது. இப்போதைக்கு அதுதான் மனசுக்கு ஒட்டுகிறது.

போன ஞாயிறு வாசல் வரை போனேன். உள்ளே அம்மாவுக்குப் பிடித்த பாட்டு. அப்படியே திரும்பிவிட்டேன். யாராவது வந்து ‘எல்லாம் கர்த்தருடைய சித்தம்’ என்பார்களோ என்ற பயம் வேறு. லாசரு இறந்தபோது இயேசுவே அழுதாரே (யோவான் 11:35), அப்புறம் என்னை மட்டும் ஏன் அழாதே என்கிறார்கள்?

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். முதல் நாள் எப்படிப் போனீர்கள்? ஆள் குறைவான ஜெபக்கூட்டத்தில் தொடங்கலாமா? போதகரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாமா? அப்புறம், நாங்கள் இருவரும் உட்காரும் அதே இடத்தில் உட்காருவதா, கடைசி வரிசையா?