24,000 நூல்கள், தமிழெல்லாம் பாமினியில்: கோஹாவுக்கு எந்த வரிசையில் மாறுவது?

அடுக்கு_7:
கலை அறிவியல் கல்லூரி நூலகம். அக்சஷன் பதிவேடு (ஒவ்வொரு பிரதிக்கும் வரிசை எண் கொடுத்து எழுதும் ஏடு) எக்செல்லில் 24,000 வரிகளாக இருக்கிறது. அதில் 9,000 அளவுக்குத் தமிழ் நூல்கள்; தலைப்பு, ஆசிரியர் இரண்டும் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை. உறுப்பினர்கள் 1,900 பேர். வழங்கல் இதுவரை அட்டையும் பேரேடும்தான். கோஹா (நூலக மேலாண்மை மென்பொருள்) என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது, ஜூனில் கல்லூரி திறக்கும்போது ஓட வேண்டுமாம். உபுண்டுவில் நிறுவியாயிற்று, 8 ஜிபி ராம். நூலகத்தில் ஆள் இரண்டே பேர். எக்செல்லை அப்படியே ஏற்றினால் போதுமா? பழைய பேரேட்டையும் கோஹாவையும் எத்தனை நாள் சேர்த்து ஓட்டுவது?

மார்க்_245:
அப்படியே ஏற்றாதீங்க. உங்கள் எக்செல்லில் ஒரு வரி என்பது ஒரு பிரதி. கோஹாவில் ஒரு நூலுக்கு ஒரு பதிவு, அதன் கீழே பிரதிகள். 5 பிரதி வாங்கிய பாடநூல் 5 வரியாக ஏறினால் தேடும்போது ஒரே நூல் ஐந்து தடவை வந்து நிற்கும், மாணவர் முன்பதிவு செய்வது எந்தப் பிரதியில் போய் உட்காரும் என்றே தெரியாது.

ஏற்றும்போது பொருத்தும் விதி (ஐ.எஸ்.பி.என் ஒத்த பதிவைத் தேடும் அமைப்பு) கொடுத்தால் சேர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விதி ஏற்கனவே அட்டவணையில் உள்ள பதிவுகளோடுதான் ஒப்பிடும். ஒரே கோப்புக்குள் இருக்கும் இரட்டைகளைப் பார்க்காது. அதனால் எக்செல்லைத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு வாரியாக அடுக்கி இரண்டாகப் பிரியுங்கள்: முதல் கோப்பில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரே வரி, இரண்டாவதில் மீதிப் பிரதிகள். முதலாவதை ஏற்றி, கோஹாவின் இண்டெக்ஸ் (தேடலுக்கான பட்டியல்) தயாரான பிறகு இரண்டாவதை ஏற்றும்போது "பதிவை விடு, பிரதியை மட்டும் சேர்" என்று தேர்ந்தெடுங்கள். ஐ.எஸ்.பி.என் இல்லாத பழைய தமிழ் நூல்களுக்கு இந்த வழி உதவாது, அவற்றை எக்செல்லிலேயே கையால்தான் சேர்க்க வேண்டும்.

எக்செல்லை மார்க் (நூல்பட்டியல் வடிவம்) கோப்பாக்கும் மார்க் எடிட் மென்பொருளில், எந்த நெடுவரிசை எந்தப் புல எண்ணுக்கு என்று பொருத்த வேண்டியவை: தலைப்பு 245, ஆசிரியர் 100, பதிப்பகம் 260, வகைப்பாட்டு எண் 082, பிரதி விவரம் முழுக்க 952. வழக்கமாகச் சறுக்குவது 952இல்தான். விலை "ரூ.125/-" என்று இருக்கக் கூடாது, 125.00 மட்டும். வாங்கிய தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். கிளைக் குறியீடும் நூல் வகைக் குறியீடும் கோஹாவில் முன்பே உருவாக்கியவையாக, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். எக்செல்லில் ஐ.எஸ்.பி.என் நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்குங்கள்; இல்லாவிட்டால் 13 இலக்கம் 9.78E+12 என்று சுருங்கிவிடும், 10 இலக்கத்தில் முன் பூஜ்ஜியம் போய்விடும்.

முதல் சோதனைக்கு 200 வரி போதும். பிழை என்றால் அந்தத் தொகுப்பை மட்டும் திரும்பப் பெறலாம். 24,000ஐயும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டுத் தவறு தேடுவது சமுத்திரத்தில் ஊசி தேடுவது மாதிரி.

எழுத்துரு_வேட்டை:
பாமினி பற்றி மட்டும் சொல்கிறேன், மிச்சம் மேலே இருக்கிறது.

பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. காற்புள்ளி விசை "இ". இது ஒன்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. காற்புள்ளியால் பிரிக்கும் கோப்பாகச் சேமித்து, அதைச் சொந்த நிரலில் காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டினால், "இந்திய", "இலக்கிய" என்று தொடங்கும் ஒவ்வொரு தலைப்பும் இரண்டாக உடையும். டேப் பிரித்த கோப்பாகவே வேலை செய்யுங்கள். மறுபக்கம், ஆசிரியர் பெயருக்கும் முன்னெழுத்துக்கும் நடுவே யாராவது உண்மையான காற்புள்ளி போட்டிருந்தால் மாற்றியபின் அந்த இடத்தில் ஒரு "இ" முளைக்கும்.

ஆங்கில வரிகளை எழுத்துரு மாற்றியில் (பாமினியை யூனிகோடாக்கும் நிரல்) போட்டால் அவை தமிழ்க் குப்பையாகும், ஆகவே முதலில் பிரிக்க வேண்டும். எக்செல்லின் தேடல் பெட்டியில் ஃபார்மேட் பொத்தானை அழுத்தி எழுத்துரு பாமினி என்று கொடுத்து, வந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மஞ்சள் பூசுங்கள். பிறகு நிறத்தை வைத்து வடிகட்டலாம். ஒரே கட்டத்தில் பாதி ஆங்கிலம், பாதி பாமினி இருந்தால் இதில் சிக்காது, அவை கைவேலை.

மாற்றியபின் "கௌ", "சௌ" வரும் சொற்களைச் சரிபாருங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் "ள" எழுத்தும் தனித்தனியாக விழுந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் "கௌரி" கிடைக்காது. மார்க் எடிட்டில் வெளியீடு யு.டி.எஃப்-8 (யூனிகோடு) என்று வையுங்கள். கோஹாவின் தேடுபொறியான சீப்ராவை ஐ.சி.யூ முறைக்கு (பல மொழி எழுத்துகளுக்கான முறை) மாற்றி முழு இண்டெக்ஸும் மறுபடி எடுங்கள், முன்னிருப்பு அமைப்பு லத்தீன் எழுத்துக்கானது. "திரையில் தமிழ் தெரிகிறது, தேடினால் வரவில்லை" என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது.

அடுக்கு_7:
மிக்க நன்றி. பார்கோடுக்குப் புது எண் கொடுக்கலாமா, அக்சஷன் எண்ணே போதுமா? சேர்த்து ஓட்டுவது பற்றி யாராவது சொல்லுங்களேன். இரண்டு மாதம் ஓட்டச் சொல்கிறார்கள்.

கவுண்டர்_பக்கம்:
அக்சஷன் எண்ணே பார்கோடு. காரணம், மாறும் நாளில் வெளியே இருக்கும் நூல்களில் லேபிள் ஒட்டியிருக்காது. எண்ணைத் தட்டியே அவற்றை உறுப்பினர் கணக்கில் ஏற்றலாம். முன் பூஜ்ஜியம் வைப்பதா வேண்டாமா என்று இன்றே முடிவு செய்யுங்கள். லேபிளில் 00123, தரவில் 123 என்றால் ஸ்கேனர் "இல்லை" என்றுதான் சொல்லும்.

லேபிள் ஏ4 தாளுக்கு 65 வரும். நூலுக்கு ஒன்று என்றால் சுமார் 370 தாள், கெடுவதற்கு 20 சேர்த்து வாங்குங்கள். லேசர் பிரிண்டர், அளவு 100%. "தாளுக்குப் பொருத்து" என்று விட்டால் கீழே போகப் போக கோடு நகர்ந்துவிடும்.

இரண்டு மாதம் சேர்த்து ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன் சார். வழங்கலில் இரட்டை வேலை வைத்தால் கூட்ட நேரத்தில் ஒன்றில் மட்டும் எழுதுவார்கள், ஒரு வாரத்தில் இரண்டுமே பொய்க் கணக்கு. அக்சஷன் பதிவேடு தொடரட்டும், அது வேறு. வழங்கலுக்கு ஒரே நாளில் மாறுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் நோ டியூஸுக்காக (பாக்கி இல்லை என்ற சான்று) நூல்கள் திரும்பி வரும் சமயம்தான் அதற்கு ஏற்றது. திரும்பாதவற்றை மட்டும் கையால் ஏற்றுங்கள், பழைய கெடு தேதியோடு.

அப்படி ஏற்றும் முன் நான்கு விஷயம். அபராதக் கணக்கீடு அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கெடுவுக்கெல்லாம் முதல் இரவே அபராதம் விழும். கோஹா தானாக அனுப்பும் மின்னஞ்சலை இன்னும் இயக்க வேண்டாம். விடுமுறை நாட்காட்டியை நிரப்புங்கள். வழங்கல் விதியும் ஒவ்வொரு உறுப்பினர் வகைக்கும் நூல் வகைக்கும் பொருந்த வேண்டும். விதி இல்லாத ஜோடிக்கு கோஹா நூல் தராது. முதல் நாள் கவுண்டரில் வரும் கலாட்டாவில் முக்கால்வாசி அதுதான்.

மின்வெட்டுக்கு ஒரு நோட்டு: நேரம், உறுப்பினர் எண், அக்சஷன் எண், கொடுத்ததா வாங்கியதா. மின்சாரம் வந்ததும் எழுதிய வரிசையிலேயே ஏற்றுங்கள். ஒரே நூல் திரும்பி வந்து அடுத்தவருக்குப் போயிருக்கும், வரிசை மாறினால் கணக்கு தலைகீழ்.

மார்க்_245:
ஒன்று விட்டுப்போச்சு. கோஹா தினமும் எடுக்கும் பேக்கப் அதே வட்டில்தான் கிடக்கும். வேறு கணினிக்கு நகல் போகிறதா என்று பாருங்கள், ஜூனுக்கு முன் ஒரு தடவையாவது அதை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். நூல் எண்ணிக்கை, உறுப்பினர் எண்ணிக்கை இரண்டும் ஒத்துப்போனால் லேபிள் ஒட்ட ஆரம்பிக்கலாம்.