21 வாரக் கர்ப்பிணிக்குப் பித்தப்பைக் கல்: இப்பவே ஆபரேசனா, பிரசவம் வரைக்கும் தள்ளலாமுங்களா?

கோபி_செவிலி
முதல் கர்ப்பம், 21 வாரம். நாலு வாரத்துல ரெண்டு தடவை வலது விலாவுக்குக் கீழே வலி வந்து தோள்பட்டை வரைக்கும் ஏறியிருக்குதுங்க. ரெண்டாவது தடவை காய்ச்சலும் சேர்ந்து, அட்மிட் பண்ணி ஆன்டிபயாடிக் போட்டாச்சு. ஸ்கேன்ல 6 முதல் 9 மி.மீ. வரை பல கற்கள், பித்தப்பைச் சுவர் 5 மி.மீ., பொதுப் பித்தநாளம் 4 மி.மீ., பிலிரூபின் (மஞ்சள் காமாலையைக் காட்டற இரத்த அளவு) சரியா இருக்குது. "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு ஆபரேசனா, பிரசவம் ஆகட்டும்"ங்கறாங்க வீட்டுல. ஏழாம் மாசம் வளைகாப்பு வேற. குழந்தைக்கு என்ன ஆகும்னு கேட்டா என்ன சொல்றதுங்க?

பவானிக்கரை_சர்ஜன்
தள்ளிப் போட்டா ஆபத்தில்லைன்னு நினைக்கறாங்க, அங்கதானுங்க தப்பு. கர்ப்பத்துல கூடற ஹார்மோனுங்கள்ல புரொஜெஸ்டிரான் பித்தப்பை சுருங்கறதை மந்தமாக்கும். ஈஸ்ட்ரோஜன் பித்தநீர்ல கொழுப்பைக் கூட்டும். பிரசவம் வரைக்கும் இந்த நிலைமை மாறாது. மருந்துல அடங்கின வலி பாதிக்கு மேற்பட்டவங்களுக்குக் கர்ப்பம் முடியறதுக்குள்ளயே திரும்ப வரும். கல் நழுவிப் பித்தநாளத்தை அடைச்சு கணைய அழற்சி வந்துட்டா, தாய்க்கும் குழந்தைக்கும் திட்டமிட்டுப் பண்ற லேப்ராஸ்கோப்பியைவிட (சின்னத் துளை வழியா பண்ற ஆபரேசன்) அதுதான் பெரிய ஆபத்து.

ஆபரேசன் அவசியம்னா எந்த மாசத்துலயும் பண்ணலாம். ஆனா 21 வாரம் தோதான நேரம்: உறுப்புகள் உருவாகி முடிஞ்சிருக்கும், கருப்பையும் கையை மறைக்கற அளவுக்கு இருக்காது. கடைசி மூணு மாசத்துல குறைமாதப் பிரசவம் கூடுதலா வருது. அப்ப வலி அடங்கியிருந்தா பிரசவத்துக்கு அப்புறம் வெச்சுக்கலாம். அடங்கலைன்னா காத்திருக்கக் கூடாது.

கருப்பை உச்சி இப்பத் தொப்புள் மட்டத்துல இருக்கும். அதனால முதல் துளையை வழக்கமான இடத்துல போடாம, உச்சிக்கு 5-6 செ.மீ. மேலே, வயித்துச் சுவரைக் கண்ணால பார்த்துத் திறந்து போடணும். வயித்தை உப்ப வெக்க உள்ளே விடற கேஸோட அழுத்தம் 10-12 மி.மீ. பாதரசம், 15-ஐத் தாண்ட வேண்டாம். வீக்கத்துல உறுப்புகள் ஒட்டிக்கிட்டுப் பித்தநாளம் தெளிவாத் தெரியலைன்னா, பிடிவாதம் பிடிக்காம வயித்தைத் திறந்துடறது நல்லது. பித்தநாளக் காயம் வாழ்நாள் தொல்லை.

மயக்கவியல்_கோவை
குழந்தைக்கு உண்மையான எதிரி தாயோட பி.பி. இறங்கறதும் ஆக்சிஜன் குறையறதும்தான். மல்லாக்கப் படுத்தா கருப்பை பெரிய சிரையை அழுத்தும். அதனால மேசையை இடது பக்கம் சாய்ச்சு வெப்போம். வெளிமூச்சுல கார்பன் டை ஆக்சைடு 35 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே நிக்கணும்; ஏறினா குழந்தையோட இரத்தமும் அமிலமாகும். 21 வாரத்துக்கு ஆபரேசனுக்கு முன்னும் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தாப் போதும். பிரசவ வலி வராம இருக்கறதுக்குன்னு முன்கூட்டியே கருப்பை அடக்கும் மருந்து வேண்டியதில்லை, சுருக்கம் வந்தா மட்டும். கர்ப்பத்துல இரத்தம் சீக்கிரம் உறையும். காலுக்கு அழுத்தக் காலுறை போட்டு, அன்னைக்குச் சாயங்காலமே நடக்க விடுங்க.

கோபி_செவிலி
வீட்டுல வாழைத்தண்டுச் சாறு குடுக்கறாங்க, கல் கரையுமுங்களா? வலிக்கு என்ன குடுக்கலாம்?

மகப்பேறு_திருப்பூர்
வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்ற பக்குவமுங்க. பித்தப்பைக் கல் அதுல கரையாது. வலிக்கு பாராசிட்டமால் 650. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் 20 வாரத்துக்கு மேல வேண்டாம்; குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிச்சுப் பனிக்குட நீர் குறையும். ஆபரேசனுக்கு அப்புறம் தோள்வலி ரெண்டு நாள் இருக்கும், அது உள்ளே விட்ட கேஸ்னால.

வீட்டுக்கு அனுப்பும்போது இதைத் திருப்பிச் சொல்ல வெச்சு அனுப்புங்க: காய்ச்சல், கண் மஞ்சளாகறது, வயிறு உப்பிக்கிட்டே போறது, வயிறு விட்டு விட்டு இறுகறது, இரத்தமோ தண்ணியோ போறது, இதுல எது வந்தாலும் விடியற வரைக்கும் காக்காம 108-ஐக் கூப்பிடணும். முதல் வாரம்தான் பித்தநீர் கசிவு வெளிய தெரியும்.

சாப்பாடு ரெண்டு மூணு வாரம் எண்ணெய் குறைச்சு: அரிசிம்பருப்புச் சாதம் நெய் கம்மியா, இட்லி, சந்தகை. கச்சாயமும் ஒப்புட்டும் வளைகாப்பு அன்னைக்குக் கொஞ்சமா சாப்பிடட்டும். 28-வது வாரம்னா நடுவுல ஆறு வாரத்துக்கு மேல இருக்குது, துளை போட்ட இடமெல்லாம் ஆறிருக்கும்.