புதுப்பிப்பு: ஆழ்கடல் சுறாவின் செவுள் புழு, புதிய இனம்தான் என்று எப்படி உறுதியாகிறது?

பசிபிக்கின் நியூ கலிடோனியா தீவுக் கடலில் வாழும் ஹெக்ஸாங்கஸ் நகமுரை சுறாவிலிருந்து 2011-ல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட புரோட்டோகொடைல் யூசெட்மையார்டி என்ற செவுள் ஒட்டுண்ணிப் புழு பற்றி முன்பு எழுதியிருந்தேன். “புதிய இனம் என்று சொல்ல, அது செவுளைப் பற்றிக்கொள்ளும் ஆறு உறிஞ்சிகளை எண்ணினால் போதாதா?” என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. இந்தப் புழு சேர்ந்த ஹெக்ஸாபோத்ரிடே குடும்பத்துக்கே பொதுவான அடையாளம் அது. ஒவ்வொரு உறிஞ்சிக்குள்ளும் வளைந்த கொக்கி ஒன்று இருக்கும். அதன் நீளம், நுனியின் வளைவு, விந்தகங்களின் எண்ணிக்கை, முட்டையின் வடிவம், அதன் முனைகளில் இழை உண்டா இல்லையா, இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது நுண்ணோக்கியில் பார்க்க மாதிரியைத் தயாரிப்பதில்தான். கண்ணாடித் தகட்டுக்கு அடியில் அழுத்தினால் உடல் அகலமாகிவிடும். அழுத்தாத புழுவின் அளவோடு ஒப்பிட்டால் இல்லாத வேறுபாடு தெரியும். எனவே எப்படிப் பதப்படுத்தினோம் என்பதையும் விவரிப்பில் கட்டாயம் எழுதுங்கள். உறைய வைத்த சுறாவில் புழுவின் மேல்தோல் உரிந்து உள்ளுறுப்புகள் குழம்பிப் போகும், கொக்கிகள் மட்டும் தப்பும். புதிய செவுள் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதையும். சாயம் ஏற்றுமுன் உடல் ஓரத்தில் சிறு துண்டை வெட்டி 95% எத்தனாலில் வையுங்கள். மீதியை கார்மைன் சாயமேற்றி, படிப்படியாக ஆல்கஹாலில் நீர் நீக்கி, கனடா பால்சம் என்ற தெளிவான மரப்பிசினில் பதியுங்கள். அப்போது மரபணு வரிசையும் உருவமும் ஒரே புழுவுடையவை என்று நிற்கும். அருங்காட்சியகத்தில் வைக்கும் மாதிரிக்கு அந்தப் பிணைப்பு மிக முக்கியம்.