தொப்புள்கொடி ரத்தமா, எலும்பு மஜ்ஜையா? எங்களுக்கு நடந்தது

வண்ணாரப்பேட்டை அம்மா:
பெரியவன் வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒருவர் வந்து பேசினார். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் பிள்ளைக்கு நாளைக்கு எந்த நோய் வந்தாலும் அதுவே மருந்து என்றார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தவணையில் பணம் கட்டினார்.

9 மாதத்தில் பிள்ளை வெளிறிப்போனான். தலசீமியா மேஜர் என்றார்கள்; உடம்பால் நல்ல ரத்தம் உண்டாக்க முடியாத பரம்பரை நோய். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் நாங்கள். இருவருமே கேரியர், அதாவது நோய் வராமல் அந்தக் கோளாறை மட்டும் சுமப்பவர்கள் என்பது அன்றுதான் தெரியும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற ஆரம்பித்தோம். சேமித்த ஃபைலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "அம்மா, அவன் மஜ்ஜையில இருக்கிற அதே கோளாறு இந்த ரத்தத்துலயும் இருக்கு. இதையே திருப்பிக் கொடுத்தா மறுபடியும் தலசீமியாதான்" என்றார். அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மின்ட் பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் மகள் பிறந்தாள். அவளுக்கு நோய் இல்லை. நோயில்லாத, பொருந்துகிற ஒருவரின் மஜ்ஜையையோ கொடி ரத்தத்தையோ ஏற்றினால் அவனுக்குக் குணமாகலாம் என்றார்கள். உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு, அவள் பொருந்தினாள். அவளுடைய கொடி ரத்தம் போதுமா என்று கேட்டோம். ஒரு கொடியில் கிடைப்பது பெரும்பாலும் 100 மில்லிக்குள்தான். அதிலுள்ள செல்கள் ஏற்றிக்கொள்பவரின் எடைக்கு ஈடாக இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது குறைவு. அவளுக்கு 3 வயதாகும்வரை காத்திருந்து மஜ்ஜை எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்து வந்தவளுக்கு இடுப்பின் பின்பக்கம் இரண்டு பிளாஸ்திரி. அதைத் தடவிப் பார்த்துவிட்டு ரோஸ் மில்க் கேட்டாள். அதே நேரம் அண்ணன் அறையில் அவள் மஜ்ஜை சாதாரண ரத்தப் பை மாதிரி தொங்கி, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. 18-ம் நாள் வெள்ளணு ஏறியது; புது மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம். அவனுக்கு ரத்தம் ஏற்றுவதை நிறுத்தி இப்போது 4 வருஷம்.

பெரம்பூர்க்காரன்:
யாரென்றே தெரியாத ஒருவருக்கு ஸ்டெம் செல், அதாவது ரத்தத்தை உருவாக்கும் மூல அணுக்களைக் கொடுத்தவன் நான். "முதுகெலும்புல குத்துவாங்க, கால் விளங்காமப் போயிடும்டா" என்று அம்மா அழுதார். முதுகெலும்பைத் தொடவே இல்லை. 5 நாள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, கை நரம்பிலிருந்து மெஷின் வழியாகப் பிரித்தார்கள். சுமார் 4 மணி நேரம். ஊசி போட்ட நாட்களில் காய்ச்சல் கண்ட மாதிரி இடுப்பு வலித்தது, அவ்வளவுதான். தேவைப்பட்டால் என்னிடம் மறுபடியும் கேட்கலாம். கொடியில் அது முடியாது.

காசிமேடு நர்ஸ்:
கொடி ரத்தத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1988-ல் பாரிஸில் ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை ரத்த நோய் வந்த பையனுக்குத் தங்கையின் கொடி ரத்தத்தைத்தான் ஏற்றினார்கள்; உலகிலேயே முதல் தடவை, அவன் பிழைத்தான். பொருத்தம் ஒன்றிரண்டு குறைந்தாலும் உடம்பு ஏற்கும். புது அணுக்கள் உடம்பைத் தாக்குவதும் குறைவு. ஆனால் அணுக்கள் எழுந்துவர மஜ்ஜையைவிட நாளாகும். அதுவரை தொற்று பயம்தான். வீட்டில் தலசீமியா பிள்ளை இருந்தால், அடுத்த பிரசவத்தில் கொடி ரத்தம் எடுத்து வைப்பதைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேசச் சொல்வேன். ஏஜென்ட் பேச்சைக் கேட்டு வருபவர்களிடம், பிறந்ததும் ஒரு நிமிஷமாவது கொடியை வெட்டாமல் விடச் சொல்கிறேன். அந்த ரத்தம் பிள்ளைக்கே போனால் இரும்புச்சத்து. சொந்தத்தில் கல்யாணம் என்றால் முன்னாலேயே எச்பிஏ2 பரிசோதனை பார்த்துவிடுங்கள்; தலசீமியா கேரியரா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது.

வண்ணாரப்பேட்டை அம்மா:
அக்கா, வருகிற ஆவணியில் எங்கள் சொந்தத்திலேயே ஒரு கல்யாணம். இரண்டு வீட்டிலும் பேசிவிட்டேன். நாளைக் காலையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நானே அந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன்.